ரகசிய எண்ணைக் கேட்காதீர்கள், நாமினியைக் கேளுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. கூட்டாளியோடு சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். மீன் வாங்கும் கம்பெனிக்காரர் போடும் பணம், டீசல் செலவு, ஆட்களுக்குக் கொடுக்கும் முன்பணம் எல்லாம் அவர் ஃபோனில்தான் நடக்கிறது. மதுரையில் கல்லூரியில் படிக்கும் மகள் உண்டாக்கிக் கொடுத்த மெயில் ஐடியில் யூடியூப் சேனலும் நடத்துகிறார். அதிலும் கொஞ்சம் வருகிறது. போன வருடம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் வல்லம் கவிழ்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. எந்த பேங்கில் என்ன இருக்கிறது என்று அவர் மனைவிக்கு இன்றுவரை தெரியவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். இவரிடம் பின் நம்பர் கேட்டால், "கடலுக்குப் போற நேரத்துல நல்ல வார்த்தை பேசு" என்று கோபப்படுகிறார். எப்படியாவது நம்பரை வாங்கி எழுதி வைத்துக்கொண்டால் போதுமா? ஃபோனும் அவரோடு போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கரையில் வேலை பார்ப்பவர் இறந்துபோனால் அவர் ஃபோன் மேசைமேல் இருக்கும். கடலுக்குப் போகிறவரின் ஃபோன் பாலிதீன் பையில் சுற்றி அவர் இடுப்பில் இருக்கும். ஆகவே ஃபோன் கிடைக்காது, அதிலுள்ள சிம்மும் கிடைக்காது, இறப்புச் சான்றுகூட உடனே கிடைக்காது என்று வைத்துக்கொண்டுதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் திட்டம் போட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமலும் நடக்கிற ஏற்பாடுதான் உங்களுக்கு உதவும்.

பின் நம்பர் அந்த வகையில் சேராது. அவருடைய ஜிபே அவருடைய சிம் இருக்கும் ஃபோனில்தான் ஓடும். ஃபோன் கடலுக்குள் போனால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் நம்பரை எங்கே போய் அழுத்துவீர்கள்? சரி, ஃபோன் வீட்டிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இறந்தவரின் கணக்கிலிருந்து அவர் பின் நம்பரைப் போட்டுப் பணம் எடுப்பது சட்டப்படி சரியில்லை. ஒருவர் இறந்த நிமிடத்தோடு அவர் கொடுத்த அதிகாரம் எல்லாம் முடிந்துவிடும். எழுதிப் பதிவு செய்த பவர் பத்திரமே செல்லாமல் போகும்போது, வாயால் சொன்ன பின் நம்பருக்கு என்ன மதிப்பு? காரியச் செலவுக்கு என்று நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருப்பார்கள். பிறகு மாமனார் வீட்டிலோ கொழுந்தனோ கணக்குக் கேட்டால், எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தச் சண்டை இறுதியில் சட்ட ஆலோசனை சொல்லும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வருகிறது.

நாமினியாக, அதாவது அவருக்குப் பிறகு வங்கியிடம் பணத்தைப் பெற அவரே குறித்துக் கொடுத்தவராக, உங்கள் பெயர் இருந்தால் இந்த வம்பே இல்லை. இறப்புச் சான்றையும் உங்கள் அடையாளச் சான்றையும் கொடுத்தால், எல்லாத் தாளும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கணக்குகளில் நாமினி இடம் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயரே இன்னும் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தவறாக நினைக்கிறார்கள். நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வங்கியிடம் பணத்தை வாங்கி, வாரிசுகளுக்கு உரிய பங்கைக் கொடுக்கும் பொறுப்பு மட்டும்தான் அவருக்கு. உச்ச நீதிமன்றம் இதை 2010-ல் வங்கிப் பணத்துக்கும், 2023-ல் பங்குகளுக்கும் சொல்லியிருக்கிறது. நீங்கள் எந்த மதம் என்று கடிதத்தில் எழுதவில்லை. பங்கு அதைப் பொறுத்து மாறும். இந்து என்றால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக, உயிரோடு இருந்தால் மாமியாருக்கும் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்தவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு.

இனி, உடல் கிடைக்காத விஷயம். உங்கள் தெருப் பெண்ணுக்கு நடப்பது இதுதான். ஒருவர் காணாமல் போனால், ஏழு ஆண்டு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்ற பிறகே சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 111-ஆம் பிரிவு. பெரிய புயலில் பலர் போனால் அரசு தனி ஆணை போட்டு விலக்குக் கொடுப்பதுண்டு. ஒரு வல்லம் தனியாகக் கவிழ்ந்தால் அப்படி யாரும் ஆணை போட மாட்டார்கள். அதுவரை இறப்புச் சான்று இல்லை. அது இல்லாமல் நாமினிக்குப் பணம் இல்லை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் இல்லை.

ஆனால் ஒரு சின்ன வழி இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். காணாமல் போனவரின் கணக்கில் இருப்பது சிறு தொகை என்றால் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல், எஃப்ஐஆர், 'தேடியும் கிடைக்கவில்லை' என்று போலீஸ் தரும் அறிக்கை, பின்னால் பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு என்று எழுதித் தரும் ஈட்டுறுதிக் கடிதம், இந்த மூன்றையும் வைத்தே வங்கி கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் இருப்பவருக்கே சில நேரம் இது தெரியாது. 'காணாமல் போனவர் கணக்குக்கான நடைமுறை' என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். மரைன் போலீசில் புகார் கொடுத்த நகல் அவரிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீன்வளத்துறையில் வாய்மொழியாகச் சொன்னதோடு பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. எஃப்ஐஆர் இல்லாமல் அடுத்த படியே கிடையாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, அன்றாடச் செலவுக்கான பணம் இருக்கும் ஒரு கணக்கையாவது இருவர் பெயரிலும் மாற்றிக்கொள்ளுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று வங்கிப் படிவத்தில் ஒரு வகை இருக்கும், அதைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்குக்கு உங்களுக்கென்று தனி ஏடிஎம் கார்டும், உங்கள் சொந்த எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவர் ஃபோன் எங்கே இருந்தாலும், எந்தச் சான்றும் கேட்காமல் உங்கள் கையெழுத்தில் கணக்கு ஓடும். சாவுக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மாதக்கணக்கில் சிறையில் இருந்தாலும் இதே நிலைதான். ஆள் நலமாக இருப்பார், பணமும் கணக்கில் இருக்கும், மகளின் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கட்ட முடியாது. உங்கள் வீட்டுக்காரரிடம் பேச்சை இங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவைப் பற்றிப் பேசினால்தான் அவருக்குக் கோபம். பிடிபட்டால் என்ன செய்வது என்பது படகுக்காரர்கள் தினமும் பேசுகிற பேச்சு.

அடுத்தது ஃபோன் நம்பர். இன்றைக்கு எல்லாப் பூட்டுக்கும் சாவி அதுதான். அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மச்சான் வாங்கிக் கொடுத்தது, கடைக்காரர் யாரோ ஒருவர் ஆதாரில் போட்டுக் கொடுத்தது என்று நம் பக்கம் நிறைய ஓடுகிறது. வேறொருவர் பெயரில் இருக்கும் எண்ணை இறப்புச் சான்றைக் காட்டி நீங்கள் கேட்க முடியாது. சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் போய்ப் பார்த்தால் அவர் அடையாளத்தில் எத்தனை எண் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் பெயரில் இல்லையென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளட்டும்.

அசம்பாவிதம் நடந்தால் அந்த எண்ணை நிறுத்தச் சொல்லி அவசரப்பட வேண்டாம். ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் போனால் சிம் கம்பெனி அதை முடக்கலாம். கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்தும்விடும். அப்புறம் உங்கள் வீட்டுக்காரருக்கு வரும் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். ரீசார்ஜ் செய்வதற்கு சிம் கையில் இருக்க வேண்டியதில்லை. எந்தக் கடையிலும் எண்ணைச் சொல்லிப் போடலாம். வாரிசு பெயருக்கு மாற்றும்வரை அதை உயிரோடு வைத்திருங்கள்.

ஃபோன் வீட்டில் கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை. லாக் எடுக்கிறேன் என்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. கடைக்காரர் ஃபிளாஷ் அடித்தார், லாக் போனது, அதோடு இறந்தவரின் கணக்குவழக்கும் பிள்ளைகளுக்கு அவர் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் போயின. விரல்ரேகை போட்டு வைத்திருக்கிறோமே என்று இருப்பதும் ஆபத்து. சார்ஜ் இறங்கி அணைந்து மறுபடி எழும்பினால் ஃபோன் முதலில் எண்ணைத்தான் கேட்கும். அதனால் ஃபோனைத் திறக்கும் எண்ணை மட்டும் அவர் உங்களிடமோ மகளிடமோ சொல்லி வைக்கட்டும். ஜிபே பின் நம்பரை அவரே வைத்துக்கொள்ளட்டும். இப்படிப் பிரித்துக் கேட்டால் பாதிக் கணவர்கள் சம்மதித்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

அவருடைய மெயிலுக்கு கூகுளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று பெயர், 2013-லிருந்து இருக்கிறது. கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதம் அசையாமல் கிடந்தால், நாம் முன்பே குறித்துக் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். நாம் அனுமதித்த படங்கள், மெயில், டிரைவில் இருக்கும் கோப்புகளை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பேர்வரை குறிக்கலாம். இது இறப்புச் சான்று கேட்பதில்லை, கணக்கு அசைகிறதா என்று மட்டும் பார்க்கிறது. கடலோர மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பேன். ஐஃபோனில் ஆப்பிள் வைத்திருக்கும் 'லெகசி கான்டாக்ட்' வசதிக்கு இறப்புச் சான்று கட்டாயம் வேண்டும். காணாமல் போனவர் வீட்டுக்கு அது உடனே உதவாது.

மகளையும் உங்களையும் குறித்துவிட்டு, காலம் 6 மாதம் என்று வைக்கச் சொல்லுங்கள். 3 மாதம் வைத்தால் சிறையில் இருந்து திரும்பி வருவதற்குள் தகவல் போய்விடலாம். இரண்டு விஷயத்தில் கவனம். அதே மெயில் ஐடியை மகள் தன் ஃபோனிலும் திறந்து வைத்திருந்தால் கணக்கு அசைந்துகொண்டே இருப்பதாக கூகுள் நினைக்கும், தகவல் போகவே போகாது. கடைசியில் 'கணக்கை அழித்துவிடலாமா' என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஆம் சொன்னால் யூடியூப் சேனலும் சேர்ந்து அழியும்.

சேனலைப் பொறுத்தவரை, மகளை அதில் மேனேஜராக இப்போதே சேர்த்துவிட்டால் நாளைக்குக் கதவு திறந்தே இருக்கும். யூடியூப் ஸ்டுடியோவில் அனுமதிகள் என்ற பகுதியில் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே இதைச் செய்யலாம். பணம் வரும் ஆட்சென்ஸ் கணக்கை மட்டும் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அதில் தேங்கி நிற்கும் தொகையை, இறந்தவர் கணக்குக்கென்று கூகுள் வைத்திருக்கும் படிவத்தில் வாரிசு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பிறகு சேனலை மகளின் சொந்த ஆட்சென்ஸ் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு எதுவுமே தேவைப்படாத ஓர் ஏற்பாட்டையும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் உடனே செய்யக்கூடியது இதுதான். நீங்கள், அவர், மகள் மூவர் மட்டும் இருக்கும் வாட்ஸ்ஆப் குழு ஒன்று தொடங்குங்கள். கம்பெனி தரும் பில், டீசல் ரசீது, ஆளுக்குக் கொடுத்த முன்பணம், கூட்டாளியோடு பார்த்த கணக்கு, எதுவானாலும் கரைக்கு வந்ததும் ஒரு படம் எடுத்து அதில் போடட்டும். அவர் ஃபோன் போனாலும் உங்கள் ஃபோனிலும் மகள் ஃபோனிலும் அது இருக்கும். படகுக்காரர் இறந்தால் கொடுக்க வேண்டியவர்கள் மறந்துவிடுவார்கள், வாங்க வேண்டியவர்கள் மறுநாளே வந்துவிடுவார்கள். எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் நீங்கள் வாய் திறக்க முடியும். குழு இல்லையென்றால் வாட்ஸ்ஆப் கம்பெனியிடம் போய்க் கேட்டு எதுவும் வாங்க முடியாது. செய்தி அவர்களாலேயே படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, நீண்ட நாள் அசையாத கணக்கை அவர்கள் அழித்தும்விடுகிறார்கள். குடும்பப் படங்களுக்கு கூகுள் போட்டோஸில் 'பார்ட்னர் ஷேரிங்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் அவர் எடுக்கும் படங்கள் தானாக உங்கள் கணக்குக்கும் வரும்.

வங்கி ஸ்டேட்மென்டில் ஆண்டுக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது சுரக்‌ஷா பீமா, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டாவது ஜீவன் ஜோதி, எப்படி இறந்தாலும் 2 லட்சம். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம். மூன்றிலும் நாமினி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் சத்தமில்லாமல் பிடிபடுவதால் இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. கிரிப்டோ, ஆன்லைன் தங்கம், மியூச்சுவல் ஃபண்ட் என்று எதையாவது அவர் யாரிடமும் சொல்லாமல் வாங்கியிருந்தால் பெயரையாவது ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். கிரிப்டோவைத் தன் சொந்த வாலட்டில் வைத்திருந்து, அதைத் திரும்பத் திறக்க உதவும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களும் தொலைந்தால் எந்த நீதிமன்றமும் மீட்டுத்தர முடியாது.

"எல்லாம் என் பொண்டாட்டிக்குத்தான்" என்று வீடியோவில் பேசி வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை மின்னணு ஆவணங்களின் கணக்கில் சேர்க்கவில்லை. காகிதத்தில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பங்கு பெறப்போகிற யாரையும் சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அந்தச் சாட்சிக்கு எழுதியதே செல்லாமல் போகும். சேனலும் அதன் வருமானமும் யாருக்கு என்று உயிலில் ஒரு வரி எழுதலாம், பாஸ்வேர்டை எழுதக்கூடாது, அது பலர் கைக்குப் போகும் தாள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இதை வாசிக்கும் இஸ்லாமியச் சகோதரர்களுக்கு: கடனும் அடக்கச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

நாம் இறந்த பிறகு நம் தரவுகளை யார் பார்த்துக்கொள்வது என்று நாமினி போடும் உரிமையை 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 14-ஆம் பிரிவில் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நடைமுறைக்கு வர இன்னும் காலம் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பி இப்போது உட்கார வேண்டாம்.

இதையெல்லாம் எப்போது பேசுவது? கடலுக்குக் கிளம்பும்போது கேட்டால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும், அதில் நான் அவர் பக்கம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் ஏறியிருக்கும், எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை என்று அவரும் ஊரிலேயே இருப்பார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்குக்கு வந்துவிட்டதா என்று பார்க்க எப்படியும் வங்கிக்குப் போவார். நீங்களும் கூடப் போங்கள். மகளும் விடுமுறையில் வந்திருந்தால் கூகுள் வேலையை அன்று சாயங்காலமே அவள் கையால் முடித்துவிடலாம். தடைக்காலம் தள்ளி இருந்தால் படகு போகாத ஒரு நாளில் வாட்ஸ்ஆப் குழுவை மட்டுமாவது தொடங்கிவிடுங்கள். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

வங்கிக்குப் போகும்போது இருவரின் ஆதார், பான், புகைப்படம், பாஸ்புக் எடுத்துக்கொள்ளுங்கள். நாமினி படிவம் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டியது வங்கியின் கடமை, கேட்டு வாங்குங்கள். நாமினி பதிவாகிவிட்டது என்று பாஸ்புக்கில் அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள்.